ஒரே பெயரில் இரண்டு ஐகான்

எங்கள் டிஸ்ட்ரோவை (கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் தொகுப்பை)ப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். மென்பொருளை நிறுவி அப்டேட் செய்யும் ஆப்ட் ஒரு பக்கம், அதே வேலையைத் தனி வழியில் செய்யும் ஃபிளாட்பேக் ஒரு பக்கம் என்று ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு குடித்தனம் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் முன்கதையை விட்டுவிட்டு, போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 71. கம்ப்யூட்டரில் அவருக்கு வேண்டியது உலாவி ஒன்றுதான். கரன்ட் பில், பென்ஷன், காலையில் நாலு செய்தித்தாள், எல்லாம் புக்மார்க்கில். புது வெர்ஷன் வந்திருப்பதாக யாரோ சொல்ல, உங்கள் மென்பொருள் கடையில் தேடி நிறுவியிருக்கிறார். ஆப்ட் வழியாக வந்த அதே உலாவி ஏற்கனவே இருந்தது. கடை ஒரு வார்த்தை கேட்காமல் அதன் ஃபிளாட்பேக் வடிவத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் இறக்கிவிட்டது.

மெனுவில் அச்சு அசலாக இரண்டு ஐகான். ஒன்றைத் திறந்தால் புக்மார்க் எல்லாம் இருக்கும், மற்றதைத் திறந்தால் வெறிச்சென்று இருக்கும். இன்று சேர்த்தது நாளை காணாமல் போகும், நாலாம் நாள் திரும்பி வரும். தனக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று நினைத்து, இரண்டு வாரம் யாரிடமும் மூச்சு விடாமல், தளங்களின் முகவரிகளை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். "நான் எதையும் தொடலப்பா" என்றுதான் என்னிடம் பேச்சையே ஆரம்பித்தார்.

ஆப்ட்டிடம் கேட்டால் எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது என்கிறது. ஃபிளாட்பேக்கும் அதையே சொல்கிறது. அவரவர் கணக்கில் அவரவர் சரி!

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு செயலி ஏற்கனவே இருந்தால், அதையே வேறு வழியில் இறக்கும் முன் கேளுங்கள்: "இது உங்களிடம் இருக்கிறது. இனி யார் அப்டேட் செய்வது?"

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஆப்ட் பராமரிக்கும் பைத்தான் என்ற நிரல்மொழிக்குள், அதற்கான தொகுப்புகளை இறக்கும் பிப் என்ற கருவி புகுந்து கலைத்த காலம் ஒன்று இருந்தது. 2023இல் வந்த டெபியன் 12 என்ற டிஸ்ட்ரோவில், இது வேறொருவர் பொறுப்பில் உள்ளது என்று பிப்பே நின்றுவிடுகிறது. அதே வருடம் வந்த ஆண்ட்ராய்டு 14இல், ஒரு ஆப்பை அப்டேட் செய்யும் உரிமையை ஒரு ஸ்டோர் எடுத்துக்கொண்டால், வேறு ஸ்டோர் கைவைக்கும் முன் நம்மிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஐந்தாயிரம் ரூபாய் போனுக்கு இருக்கும் மரியாதை எங்கள் கம்ப்யூட்டருக்கு வேண்டாமா?

ஆனால் இந்த உலகில் கேட்காமல் செய்வதுதானே வழக்கம். உபுண்டு 22.04 என்ற டிஸ்ட்ரோவில் ஆப்ட்டிடம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைக் கேட்டால், ஃபிளாட்பேக் போல இன்னொரு வழியான ஸ்னாப் வடிவில் வந்து இறங்கும். ஆப்ட் வழியாக இப்படி ஸ்னாப் நுழையக் கூடாது என்று 2020இலேயே லினக்ஸ் மின்ட் 20 என்ற இன்னொரு டிஸ்ட்ரோ தடை போட்டுவிட்டது. பெரிய இடத்துச் சண்டை. எந்த வடிவம் உசத்தி என்று நீங்கள் எல்லோரும் இன்னும் பத்து வருடம் தாராளமாக வழக்காடுங்கள். அதுவரை டைரி விற்பவர்களாவது பிழைக்கட்டும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்து வேலை செய்பவர்கள் உங்களில் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். அடுத்த வெளியீட்டில் அந்த ஒரு கேள்வியை மட்டும் தயவுசெய்து சேர்த்துக் கொடுங்கள். அதைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது வருடமாக உங்கள் டிஸ்ட்ரோவை விடாத ஒருவன்