குதிரை மசால் வாங்குகிறவர்களுக்குக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக எங்கள் கடையில் குதிரை மசால் கட்டு கேட்டால், தராசில் வைப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்கிறோம். குதிரைக்கு என்ன வயது, என்ன வேலை பார்க்கிறது, இப்போது என்ன தின்கிறது, எவ்வளவு எடை இருக்கும். போன வாரம் ஒருவர் சலித்துக்கொண்டார்: "என்ன அண்ணாச்சி, ஒரு கட்டுப் புல்லு கேட்டா குதிரைக்கு ஜாதகமா கேக்கிய?" நியாயமான கோபம்தான். நின்று பதில் சொல்ல அன்றைக்குக் கடையில் நேரமில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். அல்ஃபால்ஃபா, லூசர்ன், குதிரை மசால் எல்லாம் ஒரே தீவனச் செடி. குஜராத்தில் ரஜ்கோ என்பார்கள். வேலி மசாலும் முயல் மசாலும் பெயரில்தான் உறவு, செடி வேறு. ஆட்டுக்கு அவை அருமையான தீவனம். "மசால் விதை" என்று மட்டும் கேட்டு வாங்கிப்போய், வேலி மசாலை விதைத்துவிட்டு "குதிரை மசால் ஏன் குச்சி குச்சியாக வளர்கிறது" என்று கேட்டவர்களும் உண்டு. முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் குதிரைகள் பெரும்பாலும் வைக்கோல், கோ-4 புல், தவிடு, அவித்த காணம் (கொள்ளு) இவற்றில்தான் வளர்கின்றன. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கோ-4 மாதிரியான நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்றொரு பொருள் இருக்கிறது. புல்லில் உள்ள கொஞ்சம் கால்சியத்தையும் அது கட்டிப்போட்டுவிடும், குதிரையின் உடம்பில் சேராது. மாட்டுக்கு இது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. அதன் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை ஓரளவு உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளாக ஆக முகத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும், பல் ஆடும், கால் நொண்டும். மாவு மில்களில் தவிட்டைத் தின்றே வாழ்ந்த குதிரைகளுக்கு அந்தக் காலத்தில் வந்த நோய் இதுதான்.

குதிரை மசால் இந்த ஓட்டையை அடைக்கும். ஒரு கிலோ காய்ந்த மசாலில் சுமார் 12 முதல் 15 கிராம் கால்சியம் இருக்கிறது. பாஸ்பரஸ் 2, 3 கிராம்தான். தவிட்டுக்கு நேர் எதிர். அதனால் நம் ஊர்த் தீவனத்தோடு இது நன்றாக ஒத்துப்போகும். ஒத்துப்போகும் என்றுதான் சொல்கிறோம். தொட்டி நிறைய இதையே போடுங்கள் என்று சொல்லவில்லை.

தீவனம் தவறிக் குதிரை கெடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைக்கு உப்பளங்களுக்கு நடுவே கிடக்கும் பழைய காயலில் பாண்டியர் காலத்து அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும், வாங்கும் குதிரைகளில் பெரும்பகுதி செத்துப்போகின்றன என்றும் சொல்லியிருக்கிறார். நாம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் "நல்லது என்றால் நிறையக் கொடு" என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் இன்னும் போகவில்லை.

நிறையக் கொடுத்தால் என்ன ஆகும்? மசாலில் புரதம் 15 முதல் 20 சதவீதம். காணத்தில் அதைவிடவும் கூடுதல். இரண்டையும் முழு அளவு போட்டால் மிச்சப் புரதம் சிறுநீரில்தான் வெளியேறும். லாயத்துக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி அடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். தண்ணீரும் அதிகம் குடிக்கும். வேலையில்லாமல் நிற்கிற குதிரை என்றால் கொழுத்துக்கொண்டே போய், குளம்பு சூடாகி, முன்னங்கால் ஊன்றமுடியாமல் நிற்கும் நிலை வரலாம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, குதிரை கட்டுத்தறியில் நிற்கிறது. தீவனம் மட்டும் வைகாசி மாதக் கணக்கில் ஏன் போகவேண்டும்?

எடை தெரியாது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தையல்கடை டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அப்புறம் தோள் முனையிலிருந்து பின்புட்டத்து முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 155, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 293 கிலோ. அந்தக் குதிரைக்கு ஒரு நாளைக்கு, ஈரத்தைக் கழித்து உலர்ந்த கணக்கில், அதன் எடையில் 2 சதவீதம், அதாவது 6 கிலோ அளவுக்குத் தீவனம் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு, 2 கிலோ மசால், பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும். காணத்தை அதற்கேற்பக் குறைத்துவிடுங்கள். பால் கொடுக்கும் பெட்டைக்கும் வளரும் குட்டிக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைக்கு நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். கையால் அள்ளி "ரெண்டு கிலோ இருக்கும்" என்று மதிப்பிடாதீர்கள். நாங்களே பலமுறை ஏமாந்திருக்கிறோம். கொக்கித் தராசில் ஒரு தடவை மாட்டிப் பார்த்தால் கண்ணுக்கு அளவு பழகிவிடும்.

வண்டிப் பந்தயக்காரர்களுக்கு: ஓட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் இரண்டு பிடி மசால் நல்லது. இதில் உள்ள கால்சியமும் புரதமும் வயிற்று அமிலத்தைத் தணிக்கும், வெறும் வயிற்றில் ஓடும்போது அமிலம் மேலே தெறித்துப் புண்ணாவது குறையும். ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள்தான் முதன்முதலாக வாங்கிப் போடுவது கூடவே கூடாது. எந்தத் தீவன மாற்றமும் பத்துப் பதினாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதல் மூன்று நாள் அரைக் கிலோ போதும். அவசரப்பட்டால் கழிச்சல், வயிற்று வலி. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதை மறக்கவேண்டாம்.

கட்டு வெளுத்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். வெளிப்பக்கம் வெயில் பட்டு வெளுப்பது பெரிய குறை இல்லை. பிரித்து உள்ளே பாருங்கள். பச்சை இருக்கிறதா, இலை இருக்கிறதா? சத்தில் பெரும்பகுதி இலையில்தான். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் தண்டாக இருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். வண்டியில் கட்டை உருட்டி உருட்டி ஏற்றி இலையை நீங்களே உதிர்த்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய?

பூசணம் வேறு விஷயம், அதில் சமரசம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கிட்டங்கியில் அடி இரண்டு வரிசை நனைந்தது. வெயிலில் காயப்போட்டதும் பார்க்க நன்றாகவே இருந்தது. பிரித்தால் வெள்ளைத் தூசி பறந்தது. பாதி விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. தென்னைக்கு உரமாகப் போட்டோம். அதற்கு முன்னால் ஒருமுறை, பிரித்துப் பார்க்காமல் நாங்கள் விற்ற ஒரு கட்டால் ஒரு குதிரை மூன்று வாரம் இருமியது. தவறு எங்களுடையதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடிலும் சில கட்டுகளைப் பிரித்து, உள்ளே கையை விட்டு, சூடு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, மக்கிய வாடை வருகிறதா என்று பார்த்துத்தான் இறக்குகிறோம். நீங்களும் ஐப்பசி, கார்த்திகையில் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றாமல் காற்றோட்டம் விடுங்கள்.

இனிமேல் முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தரப்போவதில்லை. அது தீர்ந்ததும் வந்து, சாணி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு முழுக்கட்டு எடுத்துச் செல்லுங்கள். முகம் புடைத்திருந்தாலோ, கால் ஊன்றாமல் நின்றாலோ எங்களிடம் தீவனம் கேட்டு வரவேண்டாம். நேராக இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பூசணம் கண்ட கட்டு எங்களிடமிருந்து வந்திருந்தால், பாதி தீர்ந்திருந்தாலும் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். வரும்போது குதிரையின் நெஞ்சுச் சுற்றளவு, நீளம் இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் கேள்வி பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடைக்காரர்,
பாளையங்கோட்டை