தானிய உற்பத்தியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. விதைத் தேர்வு முகாமும் கிடங்குப் பராமரிப்புப் பயிற்சியும் நடந்தன. எடைத் தராசுக்கு முத்திரை வாங்கியாயிற்று.

பல சந்தைகளின் விலையை நாம் எழுதிவைக்கும் விலைப் பலகையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அந்தச் சந்தையில் விலை கூடுதல், நாம் ஏன் இங்கேயே விற்க வேண்டும்?" என்று அறுவடைதோறும் கேட்கிறோம். லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன், வழிச் சேதாரம் எல்லாவற்றையும் விலை வித்தியாசம் தாண்டினால்தான் சரக்கு நகரும். நகர்ந்தால் அங்கே வரத்து கூடி விலை இறங்கும், இங்கே வரத்து குறைந்து ஏறும். வித்தியாசம் அந்தச் செலவுக்குள் அடங்கியிருக்கும்வரை இரண்டு சந்தைகளும் தத்தம் போக்கில் போகும். அதனால்தான் பலகையில் ஏல விலையோடு, செலவு போகக் கையில் நிற்கும் தொகையையும் எழுதினோம்.

பலகையில் ஈரப்பதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கினோம். 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளம் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 95 கிலோதான் தேறும். காய்ந்த சரக்கின் விலையைக் கேட்டுவிட்டு ஈரச் சரக்கை ஏற்றிப் போனவர்களுக்கு இது தெரியும்.

இதெல்லாம் வீண் வேலை என்று சிலர் பேசுவது காதுக்கு வந்தது. நைஜர் நாட்டில் 2001 முதல் 2006 வரை கைபேசிச் சேவை பரவியதால் சந்தைகளுக்கிடையே தானிய விலை வித்தியாசம் 10 முதல் 16 சதவீதம் குறைந்ததாகப் பொருளாதார ஆய்வாளர் ஜென்னி ஏக்கர் கண்டறிந்தார். தொலைவான, சாலை மோசமான சந்தைகளுக்கிடையே பலன் இன்னும் அதிகம். விலைத் தகவலுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஆனால் தகவல் தானாக வராது. ராத்திரி போன் போட்டு விலை கேட்கும் உறுப்பினர்கள், தாங்கள் விற்றுவிட்டு வந்த விலையைக் கேட்டால் "அப்புறம் சொல்கிறேன்" என்கிறார்கள். எந்த விலைக்குப் போனது, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று இரண்டு வரி போதும். அது வராததால் பலகை பல நாள் பாதி காலியாகவே இருந்தது. பொதுக்குழுவுக்கு வராதவர்களும் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, கையிருப்பு அதிகமில்லை. ஒத்துழைத்த செயற்குழுவுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் பலகையைத் தொடர எனக்கு விருப்பம்தான். சங்கத்தின் ஈரமானி பழுதாகிக் கிடக்கிறது. பாக்கிச் சந்தா வந்தாலே புதியது வாங்கிவிடலாம், அதுவும் அறுவடைக்கு முன் வாங்கினால்தான் பயன். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடுதான் வந்திருக்கிறார்.

செயலாளர்