அந்தக் குதிகாலை மட்டும் காட்டாதீர்கள்

தமிழில் கால்பந்து வர்ணனையும் நிகழ்ச்சிகளும் வழங்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இரவு ஒளிபரப்பான, உலகக் கோப்பையில் தன் அணி வலைக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொண்ட சேம் சைடு கோல்களின் தொகுப்பைப் பார்த்த மனவருத்தத்தில் எழுதுகிறேன். ரஷ்யத் தடுப்பாட்டக்காரர் செர்கெய் இக்னஷேவிச் வந்த இடத்தில் பின்னணியில் சிரிப்புச் சத்தம் ஓடியது. "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா" என்றார் ஒருவர். அத்தோடு அடுத்த கோலுக்குப் போய்விட்டீர்கள்.

2018 ஜூலை 1, மாஸ்கோ லுஷ்னிகி மைதானம், எதிரணி ஸ்பெயின். உங்களுக்குத் தெரியாததல்ல. 12ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக். ஸ்பெயினின் ராமோஸை விடாமல் மல்லுக்கட்டி, அவரோடு சேர்ந்து கீழே விழுகிறார் இக்னஷேவிச். பந்து வரும் பக்கம் அவருடைய முதுகு. குதிகாலில் பட்டு உள்ளே போகிறது. நான் பதினைந்து வருடம் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன். அந்த நேரத்தில் எழுந்து நின்று நம்ம கோல்கீப்பர் முகத்தைப் பார்ப்பதுதான் ஆகக் கொடுமை. அன்று அங்கே நின்றவர் அகின்ஃபேயேவ். சிஎஸ்கேஏ கிளப்பில் 2004 முதல் இவருக்குப் பின்னால் நின்றவர்.

ஆட்டம் 1-1 ஆகி பெனால்டிக்குப் போனது. ரஷ்யாவின் இரண்டாவது உதைக்கு நடந்து வந்தவர் அதே இக்னஷேவிச். போட்டார். அகின்ஃபேயேவ் இரண்டைத் தடுத்தார், ரஷ்யா 4-3. சேம் சைடு போட்டவன்மேல் நம்பிக்கை போயிருந்தால் அந்தப் பந்தை அவன் கையில் கொடுப்பார்களா? கூட ஆடுகிறவர்களிடம் ஒருவருக்கு இருக்கும் மதிப்பு அங்கேதான் தெரிகிறது. அதைக் காட்டுங்கள் என்கிறேன்.

வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016 யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பைக்குப் பிறகு தேசிய அணியில் இல்லாதவர் அவர். அணியின் தடுப்பாட்டக்காரர்கள் வாசினும் ஜிகியாவும் முழங்கால் காயத்தில் விழுந்த பிறகு, 38 வயதில் கூப்பிட்டார்கள், வந்தார். ஐந்து ஆட்டமும் ஆடினார். ஆறு நாள் கழித்து குரோஷியாவோடும் பெனால்டி. ரஷ்யாவில் இருவர் தவறவிட்ட பிறகு நாலாவதாக வந்து அதையும் போட்டார். அணி தோற்றது. 39 வயதாக ஒரு வாரம் இருக்கையில், 127 சர்வதேச ஆட்டங்களோடு ஓய்வு பெற்றார்.

தடுப்பாட்டக்காரன் என்றாலே இளப்பம்தான். 2006இல் இத்தாலியின் கன்னவாரோவுக்குக் கொடுத்த, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது, அதன்பின் எந்த டிஃபெண்டருக்கும் போகவில்லை. அவர்கள் தப்பு செய்தால் மட்டும் பத்து கோணத்தில் திருப்பித் திருப்பி ஓடும். 1994இல் சேம் சைடு போட்ட கொலம்பியாவின் எஸ்கோபார் பத்தே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை அறிந்த நீங்கள் எப்படிச் சிரிப்புச் சத்தம் போட்டீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் உழைப்பில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து ஆட்டம் பார்க்கிறார்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அந்தக் குதிகாலைக் காட்டினால், கூடவே அந்த இரண்டு பெனால்டியையும் காட்டுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

தங்கள் அன்புள்ள,
ஒரு பழைய ஸ்டாப்பர் பேக்