என் மகளின் மூச்சுக்குத் துணை நின்றவர்களுக்கு

வணக்கம். செல்லூரில் ஒவ்வொரு வீட்டு வாசலாக ஏறி நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி பெரியாஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு. என் மகளின் இளைப்புக்கு (ஆஸ்துமா) டாக்டர் இன்ஹேலர், அதாவது பம்பு, எழுதியதுமே, "பம்பு பழகினா விடாது, மாத்திரையே போதும்" என்று சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிவிட்டது. அக்கா யாரையும் அதட்டவில்லை, கணக்குதான் சொன்னார். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 2 மில்லிகிராம். பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது 20 அழுத்து சேர்ந்தால்தான் ஒரு மாத்திரை. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றும். பம்பு மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். என் மாமியார் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

பம்பு இரண்டு: தினமும் அடிக்கிறது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்துக்கு, இளைப்பு வந்தால் அடிக்கிற சால்பியூட்டமால் இறுகிய தசை தளர. பிள்ளை நன்றாக இருக்கிறாளே என்று முதலாவதை நாமாக நிறுத்தக்கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். பம்போடு மாட்டி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாய் வாங்கும்வரை 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக உட்காரும்படி ஓட்டை போட்டுக் கொடுத்தார். பாட்டில் வாயை உதட்டால் கவ்விக்கொண்டு, பம்பை ஒருமுறை அழுத்தியதும் மெதுவாக ஐந்தாறு முறை மூச்சை இழுத்து விட வேண்டும். தினசரி மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இவ்வளவுதான்.

கீழ்வீட்டு அப்பத்தா, எங்கள் ஜன்னலுக்கடியில் இருந்த வெந்நீர் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மட்டும் விடமாட்டேன் என்றார். சரி, போடும் முன் குரல் கொடுக்கிறார், நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். தறிக்கார அண்ணன் பஞ்சுத்தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லிவிட்டார். போகியன்று டயர் கொளுத்தாத தெரு இளவட்டங்களுக்கும் நன்றி. அந்தக் குளிர்நேரத்தில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கும்.

அப்புறம் வகுப்பு டீச்சர். இளைப்புப் பிள்ளையை விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைப்பதுதான் யாருக்கும் சுலபம். நீங்கள் டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்து, மணியடிக்கக் கால்மணி நேரம் முன்பே இரண்டு அழுத்து அடிக்க வைத்து, அவளை ஓடவிட்டீர்கள். பம்பைப் பூட்டி வைக்காமல் மேஜை மேலேயே வைத்திருப்பதற்கும் தனியாக நன்றி. பள்ளிக்கென்று வாங்கிக் கொடுத்ததில் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். மருந்து தீரும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் டீச்சர்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஓர் அம்மா