மண்ணெண்ணெய் மொறிஸும் மஸ்டா எஞ்சினும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. பதில் எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை, வேலை முடிந்து வந்தால் இரவு பத்து மணி வரை காரின் கீழேதான் கிடந்தேன். போன ஞாயிறு பின்னேரம் நாலேகாலுக்கு அது முதன்முதலாக ஸ்ரார்ட் ஆகியது. கராஜில் வேறு யாரும் இல்லை, மனிசி கடைக்குப் போயிருந்தாள், யாருக்காவது உடனே சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் ஞாபகம் வந்தது நீதான்.

நான் அனுப்பிய மொறிஸ் மைனர் காரின் படத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதியிருந்தாய்: "வடிவான 1960ஆம் ஆண்டு மைனர், அதுக்குள்ள ஏன் ஜப்பான்காரன்ர எஞ்சின்? இனி அதை மொறிஸ் எண்டு சொல்லலாமோ?" நீ கோபமாகக் கேட்கவில்லை என்று தெரியும், ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. அதனால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கார் இங்கே இங்கிலாந்தில் லெஸ்ரருக்கு வெளியே ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில் இருபது வருடத்துக்கு மேல் நின்றது. 948 சிசி எஞ்சின் இறுகிப் போய்விட்டது. சரி, அதைத் திருத்தியிருக்கலாம், இங்கே மைனருக்கு இல்லாத சாமானே இல்லை. ஆனால் நல்ல நிலையில் இருந்தாலே அந்த எஞ்சினின் வலு 37 குதிரைதான், மணிக்கு 60 மைலைத் தொட அரை நிமிடம் வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவது எம்1 நெடுஞ்சாலையால். பின்னால் நாற்பது தொன் லொறி வரும்போது அந்த வேகத்தில் சாலைக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அதோடு முன்னுக்கும் பின்னுக்கும் டிறம் பிறேக். எனக்கு வேண்டியது காட்சிக்கு வைக்கும் கார் இல்லை, மழையிலும் பனியிலும் ஓடுகிற கார்.

அதனால் 1995ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்5 ஒன்று வாங்கினேன். கதவுக்குக் கீழே துருப்பிடித்து உக்கிப்போன கார், எஞ்சின் மட்டும் பொன் மாதிரி. 1.8 லீற்றர், பதினாறு வால்வு, 130 குதிரை அளவில் வரும். இங்கே மைனர் பைத்தியங்கள் கனபேர் இந்த எஞ்சினைத்தான் தேடுகிறார்கள், ஏனென்றால் இது நெடுக்காக உட்கார்ந்து பின் சில்லை இழுக்கிற எஞ்சின், அதோடு ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்தே வருகிறது. இப்போது வருகிற சின்னக் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கும், அதை மைனருக்குள் திணிக்க முடியாது.

மைனரின் பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் சும்மா கிடக்கும், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் நாங்கள் அதற்குள் கையை விட்டு விளையாடியிருக்கிறோம். அது ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது. அலெக் இசிகோனிஸ் அந்தக் காரை வரையும்போது மனதில் வைத்திருந்தது வேறொரு எஞ்சின், நாலு சிலிண்டரும் படுத்த வாக்கில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது செலவு என்று கைவிட்டு, கொம்பனியிடம் ஏற்கெனவே இருந்த பழைய 918 சிசி எஞ்சினைத் தூக்கி வைத்துத்தான் 1948இல் காரை வெளியில் விட்டார்கள். இன்னொன்று கேள். மாதிரிக் கார் செய்து முடிந்த பிறகு, ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கச் சொன்னார். பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடுகிறதே, அது அந்த நாலு அங்குலம்தான். செய்தவரே வெட்டி ஒட்டிய கார் மச்சான் இது. நான் கியர்பொக்ஸுக்காகத் தரையை வெட்டியபோது அதை நினைத்துக்கொண்டுதான் வெட்டினேன்.

வேலை லேசாக முடியவில்லை. எம்எக்ஸ்5இல் கியர்பொக்ஸைத் தாங்க அதற்கென்று தனியாக எதுவும் கிடையாது, ஒரு நீளமான அலுமினியச் சட்டம் அதைப் பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கிற டிபரன்ஷலோடு பிணைத்து வைத்திருக்கும். மைனரில் அந்தச் சட்டத்துக்கு இடமில்லை, நானே இரும்பில் ஒரு தாங்கி செய்தேன், இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம் சரிவந்தது. மைனரின் பின் அக்சில் இந்த வலுவைத் தாங்காது என்பதால் போர்ட் எஸ்கோர்ட் அக்சில், முன்னுக்கு டிஸ்க் பிறேக். பிறேக்கைத்தான் முதலில் செய்தேன். ஓட முதல் நிற்கத் தெரிய வேண்டும் என்று உன் அப்பா சொல்வாரே.

ஒரு பிழையும் விட்டேன். மைனரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடியில் பூட்டியிருக்கும், மஸ்டாவில் நெகற்றிவ். இது தெரிந்த விசயம், கடதாசியில் எழுதி சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். ஆனால் ஒரு இரவு களைப்பில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு "டப்", ஒரு எரிந்த மணம். 80 அம்பியர் மெயின் பியூஸ் போனது, அல்ரனேற்றரின் டயோட்டுகளும் போயின. எஞ்சினின் மூளைப்பெட்டி தப்பியது பியூஸ் முந்திக்கொண்டதால்தான். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவின் மைனர் எப்போதாவது "ஒரிஜினலாக" இருந்ததா, சொல்லு? 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் யுத்தத் தடையால் பெற்றோல் என்பது சீனியை விட அருமையான பொருளாகிய காலத்தில், தோட்டத்து வாட்டர் பம்பில் தெரிந்த வித்தையை அவர் காரில் செய்தார். பெற்றோல் தாங்கிக்குள் மண்ணெண்ணெய். பொனற்றுக்குள் தலைகீழாகக் கட்டிய போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் குழாய், குழாயில் அந்தச் சில்லு வைத்த சின்ன அடைப்பான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்று பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் அடைப்பானை உருட்டி மூடுவார். நாலு பேர் ஏறினால் எஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் இறங்கி ஒயில் தண்ணியாகிவிடும், அவர் டிப் ஸ்ரிக்கை இழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து மணந்து பார்ப்பார், அந்த முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. ரேடியேற்றர் குழாய் வெடித்தபோது வாட்டர் பம்பின் ரப்பர் குழாயை வெட்டிப் பூட்டினார்.

93இல் அக்காவுக்கு வயிற்றுக்குத்து எழும்பிய இரவு நீயும் நானும் காரைத் தள்ளினோமே. போத்தலில் இருந்தது அரை விரலளவு பெற்றோல். அப்பா அதை ஒரேயடியாக விடாமல் சொட்டுச் சொட்டாக விட்டார். மானிப்பாய் வீதியில் இருட்டில், லைற்றும் போடாமல், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு அந்தக் கார் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கார் மொறிஸ் இல்லையா?

இங்கே காட்சிகளுக்குப் போனால் ஸ்குறூ ஆணியின் தலை கூட அந்தக் காலத்தது என்று காட்டுகிற மனிதர்களைச் சந்திப்பேன். அவர்களின் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு, எல்லாரும் வெட்டினால் அசல் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு காரும் மிஞ்சாது. அதனால்தான் நல்லாக இருந்த காரைத் தொடாமல், எஞ்சின் இறுகிப்போன ஒன்றைத் தேடி வாங்கினேன். பழைய எஞ்சினையும் எறியவில்லை, ஒயில் பூசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் காரை உயிரோடு வைத்திருப்பதுதான் காருக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குக் கற்றுத் தந்தது உன் வீட்டு முற்றம். 90களில் பாத் நகரத்து மொறிஸ் மைனர் சென்ரருக்கு இலங்கையில் செய்த தகரப் பாகங்கள் வந்தன என்பதை அறிந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கைவிடாமல் ஓட்டத் தெரிந்தவர்கள் என்று இங்கிலாந்துக்காரனே நம் நாட்டுக்கு வந்திருக்கிறான்.

சிலர் இப்போது மைனருக்குள் மின் மோட்டாரும் வைக்கிறார்கள். நல்ல விசயம்தான், எனக்குத்தான் மனம் வரவில்லை. எஞ்சின் சத்தம் வேண்டும். உண்மையில் எனக்கு வருத்தமான ஒன்று சொல்லட்டுமா, திறப்பைத் திருப்பியதும் அந்தப் பழைய எஸ்யூ பெற்றோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் மெல்ல ஓயுமே, அது இனி இல்லை. மஸ்டா எஞ்சினுக்கு அந்தப் பம்பின் அழுத்தம் காணாது, அதைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பைத் திருப்பிவிட்டு அந்தச் சத்தத்துக்காக ஒரு கணம் காத்திருந்தேன்.

நாற்பது வருடம் கடந்த கார்களுக்கு 2018 முதல் இங்கே எம்ஓரி என்கிற வருடாந்தப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால். நான் மாற்றம் செய்தவன், வருடாவருடம் கொண்டுபோய்க் காட்டத்தான் போகிறேன். பிள்ளைகள் ஏறுகிற கார்.

அக்காவின் மகள் ரொறன்ரோவில் கார் ஓடப் பழகிவிட்டாளாம், கேட்கச் சந்தோசம். உன் முழங்கால் எப்படி? சுளுக்கெடுக்கிறவரிடம் போகாமல் ஒழுங்கான டொக்டரிடம் காட்டு.

அப்புறம் ஒரு உதவி. இந்த மஸ்டா கியர்பொக்ஸில் ஸ்பீடோமீற்றருக்குக் கேபிள்தான், சென்சர் இல்லை, அதனால் மைனரின் நடுவில் இருக்கிற அந்த வட்ட ஸ்மித்ஸ் மீற்றரையே ஓட வைக்கலாம். என்னுடையது உள்ளே துருப்பிடித்து உதவாது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வு முடிந்து நீங்கள் திரும்பி வந்தபோது சில்லும் கதவும் இல்லாமல் நின்ற காரில் இருந்து அப்பா ஒரு மீற்றரைக் கழற்றி, சேட் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாரே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஆடியில் வரும்போது கைப்பையில் கொண்டு வா, பெட்டியில் போடாதே. முள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே திருத்துகிற ஆள் இருக்கிறார். மைல் எண்ணிக்கையை மட்டும் யாரையும் மாற்ற விடமாட்டேன், அப்பா விட்ட இடத்தில் இருந்தே ஓடட்டும்.

உன்,
பழைய பக்கத்து வீட்டுக்காரன்