ஜீரோ பீரும் ஓட்டுநர் மேசையும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சுப்பையா,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மகளின் கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்ததும் தொலைபேசியில் நீ கேட்ட முதல் கேள்வி முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வரவேற்பு விருந்தில் பீர் உண்டா, குடித்தால் அன்றிரவே ஈப்போவுக்குக் கார் ஓட்டிப் போகலாமா என்று கேட்டாய். செம்பவாங் பட்டறையில் என்னுடன் வேலை பார்த்த காலத்திலிருந்து நீ கொஞ்சமும் மாறவில்லை. கார் ஓட்டுபவர்களுக்கென்று தனி மேசை போட்டு அதில் ஜீரோ பீர், அதாவது மதுவில்லா பீர், மட்டும் வைக்கப் போகிறோம் என்றேன். பூனைக்குச் சைவம் என்று பெயர் வைத்தால் அது மீன் தின்னாதா என்று கேட்டுச் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். இது மாப்பிள்ளையின் யோசனை. என் மனைவியோ உன் கட்சி; பீர் வாடை அடிக்கிற எதையும் ஓட்டுபவன் தொடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சம்பந்தி இதில் வாயே திறப்பதில்லை. இந்த நிலையில் போன வாரம் நம் பெருமாளுக்கு ஒன்று நடந்தது. அதைக் கேட்டபின் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன்.

பெருமாளின் அக்கா மகன் செங்காங்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்தான். இருதய அறுவைக்குப் பிறகு மதுவைத் தொடாத நம் ஆள் அங்கே இரண்டு டின் ஜீரோ பீரைக் குடித்திருக்கிறார், மிச்சமிருந்த டின்களையும் அக்கா ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் கையில் எது மிஞ்சினாலும் வீட்டுக்கு வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். திரும்பும் வழியில் சாலைத் தடுப்புச் சோதனை. கண்ணாடியை இறக்கியதும் காருக்குள்ளிருந்து பீர் வாடை வீசியிருக்கிறது. வாற்கோதுமையும் ஹாப்ஸ் பூவும் சேர்த்துக் காய்ச்சிய எதற்கும் மது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாடை இருக்கத்தானே செய்யும். காவல் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். பெருமாள் உடனே பின்னிருக்கையிலிருந்த பையை எடுத்து, ஒரு டின்னை உருவி, கைப்பேசி விளக்கைப் பிடித்து, "இதோ பாருங்கள், 0.0 என்று போட்டிருக்கிறது, நான் எதற்கு ஊத வேண்டும்" என்று வாதாடத் தொடங்கிவிட்டார். டின்னை உள்ளே வைத்துவிட்டு இந்தக் குழாயில் ஊதுங்கள் என்று மட்டும் சொன்னாராம் அந்த இளைஞர். பெருமாளுக்கோ மூச்சு பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி தேறியதாகக் காட்டியது, போகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நம் ஆள் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்த்திருந்ததாக அவருடைய மனைவி சொன்னார்.

அவர் ஊத மறுத்திருந்தால்தான் உண்மையான வம்பு. தகுந்த காரணமில்லாமல் மூச்சு மாதிரி கொடுக்க மறுப்பது இங்கே தனிக் குற்றம். வாயில் ஒரு துளி மது படாதவருக்கும் அது பொருந்தும். டின்னில் எழுதியிருப்பது உற்பத்தியாளரின் வாக்குமூலம், சட்டத்துக்கு வேண்டியது ஓட்டுபவரின் மூச்சு. நூறு மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், அல்லது நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது சிங்கப்பூரின் வரம்பு. அதைத் தாண்டி முதல் முறை பிடிபட்டால் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். உரிமமும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் போய்விடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. எண் வரம்புக்குள் இருந்தாலும், குடித்ததனால் வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் அதே பிரிவின்கீழ் அவரும் குற்றவாளிதான்.

சரி, ஜீரோ பீரைக் குடித்து அந்த எண்ணைத் தொட முடியுமா? இதற்கு ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டேன். நீ பட்டறையில் என் கணக்கைத் திருத்தியவன், இதையும் திருத்திப் பார். கடையில் மதுவில்லா பீர் என்று விற்பவற்றில் இரண்டு வகை உண்டு. 0.0 என்று போட்டவற்றில் மது கிட்டத்தட்ட இல்லை. மற்ற வகையில் 0.5 விழுக்காடு வரை இருக்கலாம். இந்த 0.5 எப்படி வந்தது என்று தேடினால் அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்துக்குப் போய்விடுவாய். 1919ஆம் ஆண்டின் வோல்ஸ்டெட் சட்டம் 0.5 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளதைத்தான் போதை தரும் பானம் என்று வகுத்தது. அதற்குக் கீழே காய்ச்சிப் பிழைத்துக்கொண்ட பீர் ஆலைகள் அங்கே உண்டு. மோசமான வகையையே எடுத்துக்கொள்வோம். 330 மில்லிலிட்டர் டின்னில் அரை விழுக்காடு என்றால் 1.65 மில்லிலிட்டர் மது, எடையில் சுமார் 1.3 கிராம். நீ வழக்கமாகக் குடிக்கும் 5 விழுக்காட்டு பீரில் அதே டின்னில் 13 கிராம் இருக்கும். ஆகவே பத்து ஜீரோ டின் சேர்ந்தால் உன் ஒரு டின்.

எழுபது கிலோ எடையுள்ள ஆணின் இரத்தம் 80 மில்லிகிராமை எட்ட ஏறக்குறைய 38 கிராம் மது ஒரே நேரத்தில் உடலில் சேர வேண்டும். அதற்கு இருபத்தொன்பது டின், அதாவது ஒன்பதரை லிட்டருக்கும் மேல், ஒரே மூச்சில் உள்ளே போக வேண்டும். கல்லீரலோ மணிக்கு ஏழெட்டு கிராம் மதுவைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது; மணிக்கு ஐந்து டின் குடித்தாலும் சேர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அவ்வளவு திரவத்தை விழுங்க முயல்பவன் போதைக்கு முன்னால் தண்ணீர் மிகுதியாலேயே மருத்துவமனையில் படுத்துவிடுவான். ஏட்டுக் கணக்குதானே என்பாய், ஆளை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வொன்றில் 67 பேருக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் மதுவில்லா பீர் கொடுத்து இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். எவருக்கும் 0.0056 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. நம் வரம்பின் அளவையில் சொன்னால் நூறு மில்லிலிட்டருக்கு ஆறு மில்லிகிராம்கூட இல்லை. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும், ரொட்டியிலும், பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சாற்றிலும் மது இம்மியளவு இருக்கத்தான் செய்கிறது. என் மனைவியிடம் இதைச் சொன்னதற்கு, அப்படியானால் தாம்பூலப் பையில் வாழைப்பழமும் வைக்க வேண்டாம் என்கிறாயா என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

உன் நாட்டுக் கணக்கு வேறு என்பதையும் மறந்துவிடாதே. மலேசியாவிலும் முன்பு இரத்தத்தில் 80 மில்லிகிராம்தான் வரம்பாக இருந்தது. 2020 அக்டோபரில் அதை 50 ஆகவும், மூச்சில் 22 மைக்ரோகிராம் ஆகவும் இறக்கிவிட்டார்கள். முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. இங்கே எல்லையோரத்து உட்லண்ட்ஸில் ஏதாவது குடித்துவிட்டு மலேசியாவுக்குப் பாலத்தைக் கடந்தால் இங்கே தப்பிய அதே மூச்சு அங்கே சிக்கலாம். சாதாரண பீர் இரண்டு டின்னே உன்னைப் போன்ற ஆளை அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஜீரோ பீரில் அதற்குப் பதினெட்டு டின் வேண்டும். திருச்சியிலிருந்து வரும் என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, இந்தியாவில் 30 மில்லிகிராம்தான் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு ஓட்டவே தெரியாது.

ஆகவே, டின்னைப் பற்றிய பயம் எனக்கு இல்லை. மேசையைப் பற்றித்தான் இருக்கிறது. மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள், பரிமாறும் பையன்கள் இரண்டு வகை பீரையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டு போவார்கள். நுரை அடங்குவதற்குள் எது எதுவென்று யாரால் சொல்ல முடியும்? லைட் என்று பச்சை எழுத்தில் போட்டு விற்பதில் மது குறைவாக இருக்குமே தவிர, இல்லாமல் இருக்காது. எலுமிச்சைச் சாறு கலந்த ஷாண்டியும் அப்படித்தான், அதைக் குளிர்பானம் என்று நினைத்துக் குடிப்பவர்களை நம் பட்டறையிலேயே பார்த்திருக்கிறோம். அதைவிட மோசமான ஆள் இன்னொருவர் உண்டு. ஏழு மணியிலிருந்து ஜீரோ பீராகவே குடித்துவிட்டு, பத்து மணிக்கு, இவ்வளவு நேரம் ஒழுங்காக இருந்தேனே, ஒரே ஒரு விஸ்கி குடித்தால் என்ன என்று தன்னைத்தானே மன்னித்துக்கொள்கிறவர். அவர் ஊதும்போது கருவி அந்த ஒரு விஸ்கியைத்தான் படிக்கும், அதற்கு முன் காட்டிய ஒழுக்கத்தைப் படிக்காது. என் தம்பி மகன் ஒருமுறை இரண்டு ஜீரோ டின்னிலேயே தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சோபாவில் சாய்ந்துவிட்டான். பீர் என்று நாக்கு நம்பிவிட்டால் தலையும் நம்பத் தொடங்கிவிடுமாம்.

உன்னிடம் நேராகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் நீ இரவில் போடும் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும் வகை என்று போன தடவை நீயே சொன்னாய். விருந்து முடியப் பதினொரு மணியாகும். ஈப்போ 500 கிலோமீட்டருக்கு மேல். ஜீரோ பீர் உன்னை ஒன்றும் செய்யாது, அந்த மாத்திரையும் நள்ளிரவும் செய்யும். நீ எதைக் குடித்தாலும் அன்றிரவு ஓட்டக்கூடாது என்பது என் முடிவு. தங்கச்சியும் என் பக்கம்தான், நேற்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன்.

சந்திரனைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அவன் மதுவை விட்டது உனக்குத் தெரியும், அதற்கு முன்னால் அவன் வீடு என்னவெல்லாம் பட்டது என்பதும் தெரியும். அவனையும் ஜீரோ பீர் மேசையில் உட்கார வைத்துவிடலாம், பாதுகாப்பான இடம் என்று மாப்பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மதுவிலிருந்து மீண்டவருக்கு அந்தக் கசப்பும் நுரையும் வாடையும் பழைய ஆசையை மறுபடி கிளப்பிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும் நிலைக்கு அவரைக் கொண்டுபோய்விடும். சந்திரன் இப்போது அந்த மாத்திரையில் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவியிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. உன்னிடம் அவன் மனம்விட்டுப் பேசுவான். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை அழைத்துப் பேசு, நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவனை என் அண்ணன் குடும்பத்தோடு மோரும் பானகமும் வைக்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டேன். பொய்யான பீர்கூட அந்தப் பக்கம் போகாது.

ஓட்டுநர் மேசையில் 0.0 வகை மட்டுமே இருக்கும், அதுவும் டின்னோடுதான், குவளை கிடையாது. 0.5 வகையை வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணக்குப்படி அதனாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஐம்பது பேருக்கு அரைக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டு என் மகள் கல்யாணத்தில் நான் நிற்க விரும்பவில்லை. மேசைக்குப் பொறுப்பு பெருமாள். அவர் சாலையில் வாங்கிய அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதவி கிடையாது. அவரிடம் அந்த டின் கதையைக் கேட்டுவிடாதே, ஒவ்வொரு முறையும் அதிகாரியின் உயரம் கூடிக்கொண்டே போகிறது.

உனக்கும் தங்கச்சிக்கும் எங்கள் புளோக்கிலேயே பக்கத்து வீட்டில் ஓர் அறை கேட்டு வைத்திருக்கிறேன். காரை வந்த அன்றே கீழே நிறுத்திவிட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும், காலைப் பலகாரம் முடிந்தபின்தான் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஒப்புக்கொண்டால் பெரிய மேசையில் உனக்கு உண்மையான பீரே கிடைக்கும். இல்லையென்றால் பெருமாளுக்குப் பக்கத்து நாற்காலி. எது வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் எழுது, சாப்பாட்டுக்காரருக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் ராமையா