ஊருக்கு வித்தியாசமாகத் தெரிந்தால் மனநோயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒருவரைப் பற்றிப் போன வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். தலைப்பிலேயே அவரை மனநோயாளி ஆக்கிவிட்டீர்கள். எந்த மருத்துவரும் அவரைப் பரிசோதித்ததாகச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வெளிநோயாளிப் பிரிவில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் என்ன கேட்பார் தெரியுமா? தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வேலைக்குப் போகிறாரா, எத்தனை நாளாக இப்படி, முன்பு எப்படி இருந்தார். ஊர் வழக்கத்துக்கு மாறாக நடக்கிறார் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டார். அந்த நடத்தை அவரை வதைக்கிறதா, அன்றாட வாழ்க்கையை முடக்குகிறதா, அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தா என்று சேர்த்துத்தான் பார்ப்பார். அவர் வாழும் இடத்தின் பழக்கத்தையும் பார்ப்பார். கோயில் கொடையில் அருள் வந்து ஆடும் அம்மா, மறுநாள் காலையில் வழக்கம்போல் உலை வைக்கிறார். அவரை நோயாளி என்போமா?

கல்யாணமே வேண்டாம் என்று ஆட்டுக்கிடையிலேயே படுத்துக்கொண்டு, ஆடுகளோடு பேசிக்கொண்டிருந்த அண்ணனைத் தம்பிமார் ஒருமுறை இழுத்து வந்தார்கள். மனிதர் ஆடு விற்ற கணக்கை ரூபாய் பிசகாமல் சொன்னார். தூக்கத்துக்கும் குறைவில்லை. மருந்தில்லாமலே அனுப்பி வைத்தோம்.

வயிற்றுவலி என்று வந்து, பொது மருத்துவத்திலிருந்து எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. "தங்கமான பிள்ளைங்க, வாயே திறக்காது" என்றார் மாமியார், பெருமையாக. மெல்லப் பேச்சுக் கொடுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சோறு இறங்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கவே பயம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாததால் அத்தனை மாதம் தனியாகவே அனுபவித்திருக்கிறாள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளோடும் சமய நம்பிக்கையோடும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. முன்பு எப்போதோ சிகிச்சை பெற்றார் என்பது மட்டும் போதாது. இப்படி ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல்தான் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 வரை எடுக்கவில்லை. ஊரின் வெறுப்பு மருத்துவப் புத்தகத்துக்குள்ளேயே நோயாக ஏறியிருந்த காலம் அது.

இனி இப்படிப்பட்ட செய்திகளில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். மருத்துவர் சொல்லியிருந்தால் அதையும், தேவை இருந்தால் மட்டும், எழுதுங்கள். கீழே 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணையும் போடுங்கள். அந்தப் பெண்ணைப் போன்ற யாராவது படிக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், சிவகங்கை